காக்காவின் இடம்

ஒரு பிள்ளையின் உயிருக்கு நாளொன்றுக்கு முந்நூறு ரூபா. மிதவை அங்கிக்குக் கடைக்காரர் சொன்ன வாடகை அது. பேரம் பேசி இருநூறுக்கு இறக்கினேன். போன வருடம் அங்கியே எடுக்கவில்லை. பட்டிப்பளை ஆற்றில் வள்ளம் கவிழ்ந்து, என் சாரணர்களில் அஸ்ஜத் திரும்பவில்லை. இம்முறை, அண்ணனைக் 'காக்கா' என்று கூப்பிடும் அவனுடைய தம்பி நுஸ்கி வந்தான்.

"இவனயாவது திருப்பிக் கொண்டாங்க, சேர்" என்றார் அவர்களுடைய உம்மா.

மூன்று நாள் பயணம். கரையில் சோறாக்கி, சஹன் என்னும் பெரிய தட்டு ஒன்றுக்கு ஆறு பேராகச் சுற்றியிருந்து சாப்பிடுவோம். பையன்கள் பதினொருவர் என்பதால் இரண்டாம் சஹனுக்கு ஐந்து பேர்தான். நுஸ்கி தன் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டான்.

"தள்ளி இரிங்கடா, காக்காட இடம்."

"காக்கா மீன் ஆணம் தின்னுவாராடா?" என்று றமீஸ் சீண்டினான்.

"தின்னுவாரு. பொரியல்தான் புடிக்காது."

எல்லாரும் எழுந்த பிறகு அந்தச் சஹனைப் பார்த்தேன். அவரவர் அள்ளிய பக்கம் சோற்றில் குழி விழுந்திருந்தது. ஐந்து பேருக்கு ஆறு குழி. மறுநாளும் ஆறு.

மூன்றாம் நாள் பகல் ஐவரையும் நானே நெருக்கி இருத்தினேன்.

"அப்ப காக்கா எங்க இரிப்பாரு, சேர்?"

"கதைக்காமத் தின்னுடா."

சாப்பாடு முடிந்து மற்றவர்கள் கை கழுவ ஆற்றில் இறங்கினார்கள். நுஸ்கி எழும்பவில்லை. அவன் கையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பருக்கைகூட ஒட்டவில்லை.

"நீ தின்னல்லயாடா?"

"என்ட இடத்தக் குடுத்துட்டன், சேர்."

சஹனில் குழிகளை எண்ணினேன். ஐந்து பேர், ஐந்து குழி. கணக்கு நேர்; நுஸ்கி மட்டும் பட்டினி.