வேண்டுதல் மொட்டை

பள்ளித் தாளாளர் தீனதயாளன் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். அதனால் என் பயோடேட்டாவைத் தலைமையாசிரியை காஞ்சனா படித்துக் காட்டினார். பெயரை விட்டுவிட்டு நேராகப் படிப்பில் ஆரம்பித்தார். எம்.எஸ்ஸி. வேதியியல், பி.எட்., மூன்று வருடம் பிளஸ் டூ வகுப்பு.

"அப்புறம்?"

"ரெண்டு வருஷம் வேலைக்குப் போகல சார்," என்றார் காஞ்சனா மேடம்.

"ஏம்மா?" என்று தாளாளர் என்னைக் கேட்டார்.

போன மாதம் அரக்கோணத்தில் ஒரு பள்ளியில் உண்மையைச் சொன்னேன். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவில்லை.

"வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லைங்க. கூடவே இருந்தேன்."

"இப்ப எப்படி?"

"பரவால்லைங்க."

அவர் என் தலையைப் பார்த்தார். "அதுக்குத்தான் மலையில மொட்டை போட்டுகினியா?"

"ஆங் சார்." என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"பக்தியான பொண்ணு. திங்கக்கிழமையே சேந்துக்கட்டும்."

சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

காஞ்சனா மேடம் வாசல்வரை கூட வந்தார்.

"கடைசி கீமோ எப்ப முடிஞ்சிது, லோயிஸ்?"

என் கை தானாகத் தலைக்குப் போனது.

"பயப்படாத. நல்லவேளை, அவரு மொட்டையைப் பாத்தாரு, பொட்டில்லாத நெத்தியைப் பாக்கல," என்றார். "நான் இங்க வேலை கேட்டு வந்தப்ப, தலை முழுக்க சந்தனம் தடவிகினு வந்தேன்."