தர்ஸா வீட்டு அடுப்பு

"அங்கேயே நில்லு! அந்தச் சேத்து பூட்ஸோட என் சமையலறைக்குள்ள ஒரு அடி வெச்சே, நடக்கிறதே வேற!"

கதவைப் பாதி திறந்து, மீதியைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள் தர்ஸா மெட்காஃப். வாசலில், மலைக்கு அந்தப்பக்கத்துப் பண்ணைக்காரி டைனா. தலையிலும் தோளிலும் பனி. அவள் கோட்டுக்குள் சற்றுமுன் பிறந்த ஆட்டுக்குட்டி ஒன்று ஈரம்கூடக் காயாமல் கிடந்தது.

"மிசஸ் மெட்காஃப், உங்க மேட்டுச் சுவர் ஓரமா கெடந்துச்சு. தாய் ஆடு செத்துப்போச்சு. மலையைத் தாண்டி எங்க வீட்டுக்குப் போறதுக்குள்ள இதுவும் போயிடும். உங்க அடுப்போட கீழறையில கொஞ்ச நேரம் வெச்சா பொழச்சுக்கும்."

யார்க்ஷயர் மலைப்பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமான கோரிக்கை இல்லை. அங்கே எல்லாப் பண்ணை வீட்டிலும் வார்ப்பிரும்பு அடுப்பு இரவும் பகலும் கனன்றுகொண்டிருக்கும். மேலே மூடி போட்ட சூட்டுத் தட்டுகள் இரண்டு, கீழே ரொட்டியும் இறைச்சியும் வேகும் அறைகள். சூடு குறைந்த அறையில் குளிரில் விறைத்த குட்டியைக் கிடத்தி, அறைக்கதவைத் திறந்து வைப்பார்கள். ரொட்டிக்கும் குட்டிக்கும் ஒரே அறைதான். இதற்காக யாரும் முகம் சுளித்ததில்லை.

தர்ஸா சுளித்தாள்.

"என் அடுப்பு என்ன, மாட்டாஸ்பத்திரியா?"

மாதர் சங்கத்தில் அடுப்புப் பாடம் எடுப்பவள் அவள்தான். தட்டில் சிந்தியதைக் கம்பி பிரஷ்ஷால் எப்படித் தேய்ப்பது, சட்டியை இழுக்காமல் எப்படித் தூக்கி வைப்பது என்று வருஷாவருஷம் அதே பாடம். கேட்டுக் கேட்டுப் பெண்களுக்குக் காது புளித்துவிட்டது. ஆனாலும் வாய் திறக்கப் பயம். திறந்தவளின் சமையல் மறுநாளே சந்தி சிரிக்கும்.

"குட்டி சாகப்போகுது, மிசஸ் மெட்காஃப்!"

"மேல் மூடியைத் தூக்கினாலே உள்ள இருக்கற சூடு ஓடிடும். இதுல அறைக்கதவையும் திறந்து போடணுமா? அப்புறம் மத்தியானச் சமையலை யாரு செய்வா, நீயா? உன் லட்சணம்தான் தெரியுமே! சர்ச் விருந்துக்குக் கேக்கை உள்ள வெச்சுட்டு, வெந்தா வாசனை வரும்னு குந்திக்கிட்டு இருந்தவதானே? வாசனையெல்லாம் புகைபோக்கி வழியாப் போயிடும்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தக் கரிக்கட்டையை சங்கத்துல நான் காட்டினது ஞாபகம் இருக்கா, கண்ணு?"

"இருக்கு. பீங்கான் தட்டுல வெச்சுக் காட்டினீங்க."

தர்ஸாவின் தோளுக்கு மேலாக டைனா எட்டிப் பார்த்தாள். சமையலறைக் கோடியில் அடுப்பு. அதன் இரண்டு மூடிகளும் கண்ணாடியாகப் பளபளத்தன. பெயருக்குக்கூட ஒரு கீறல் இல்லை. டைனாவின் வீட்டு மூடிகளில் கெட்டில் வைத்த தடம் இருக்கும், கணவனின் காலுறைகள் காயும். மினுக்குவதற்கா அடுப்பு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். உள்ளேயும் சில்லிட்டிருந்தது. ஆடு வளர்ப்பவர்கள் பயப்படும் அறிகுறி அது.

"வாய்க்குள்ளயும் ஜில்லுனு ஆயிடுச்சு. இனிமே தாங்காது. கெஞ்சிக் கேக்கறேன்."

"கெஞ்சறதை உன் வீட்டு அடுப்புகிட்டப் போய் வெச்சுக்க."

டைனாவின் பொறுமை அத்துடன் போயிற்று.

"மூடி மினுங்கணும்னு ஒரு உயிரைச் சாகவிடறீங்களே, நீங்கள்லாம் ஒரு பண்ணைக்காரியா? அந்த இரும்பைக் கட்டிக்கிட்டு அழுங்க! ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல நின்னு, ஒருத்தர் விடாம சொல்றேன் பாருங்க!"

"சொல்லேன்! கேக்கைக் கரியாக்கினவ பேச்சை நாய்கூட மதிக்காது!"

டைனா திரும்பி நடந்தாள். அவள் முழங்கைக்கு வெளியே குட்டியின் தலை துவண்டு தொங்கியது.

"ஏய், நில்லு!"

செருப்போடு பனியில் ஓடி வந்தாள் தர்ஸா. குட்டியை வெடுக்கென்று பிடுங்கினாள். வாசற்படியிலேயே உட்கார்ந்து, ஸ்வெட்டர் பொத்தான்களை அவிழ்த்து, கோழையும் ரத்தமுமாக இருந்த அந்த ஈர உடம்பை வெறும் நெஞ்சோடு சேர்த்து அணைத்து மூடிக்கொண்டாள். முதுகைத் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். டைனா தன் கோட்டைக் கழற்றி மேலே போர்த்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வெகுநேரம் கழித்து, ஸ்வெட்டருக்குள் ஒரு கால் உதைத்தது. அப்புறம் மெலிதாக ஒரு கத்தல்.

டைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபம் மட்டும் குறையவில்லை.

"உடம்பையே குடுக்கறீங்க, அடுப்பைக் குடுக்க மாத்திரம் மனசு வரலையா? அப்படி என்ன பொல்லாத அடுப்பு?"

தர்ஸா தலையை நிமிர்த்தவில்லை.

"பழுக்கக் காஞ்ச சூட்டுத் தட்டுல பச்சத்தண்ணியைக் கொட்டி அதை ரெண்டாப் பொளந்துட்டேன்டி, ஊருக்கே பாடம் எடுக்கற நான். ரிப்பேருக்கு ஆள் வந்தா ஊரே சிரிக்கும்னு நெருப்பை அணைச்சு, மூடியைப் போட்டு வெச்சிருக்கேன். கிறிஸ்துமஸ்லேருந்து இந்த வீட்டுல சூடா இருக்கறது நான் ஒருத்திதான்."