சேவல் இறகுப் பூச்சி

மூன்றாவது பூச்சியும் கெட்டுப்போனது.

மணிமுத்து நூலை பிளேடால் அறுத்து, தூண்டில் முள்ளில் சுற்றியிருந்த சேவல் இறகை உருவி எறிந்தார். மணி நான்கு பத்து. கோயம்புத்தூர் பேருந்து ஐந்தரைக்கு.

சனிக்கிழமை வேறு. குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது என்று ஊரே திரண்டு வந்திருந்தது. மேலகரத்தில் அவர் வீட்டு வாசலை ஒட்டிய சாலையில், ஈரத் துண்டுகள் தொங்கும் வேன்கள் ஒன்றை ஒன்று முட்டாத குறையாக ஊர்ந்துகொண்டிருந்தன. தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எப்படியும் முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

காலையில் குன்னூரிலிருந்து கர்னலின் மகள் போன் செய்ததிலிருந்தே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“ஒரே ஒரு மேஃப்ளை, அங்கிள். நீங்க கட்டினதுதான் வேணும்.”

வேறு என்னென்னவோ சொன்னாள். அவர் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது இதுதான்.

மேஃப்ளை என்பது ஓடைத் தண்ணீரில் இறக்கையைத் தூக்கிக்கொண்டு மிதக்கிற சின்னப் பூச்சி. ட்ரவுட் மீனுக்கு அதைக் கண்டால் போதும், பாய்ந்து வரும். அதைப் போலவே இறகில் ஒன்றைச் செய்து தூண்டில் முள்ளில் கட்டுகிற வேலையை, இமாச்சலத்தில் கர்னல் சாபிடம் உதவியாளாக இருந்தபோது பழகினார். பட்டாளத்தை விட்டு வந்து பதினெட்டு வருடமாகியும், மே மாதம் பிறந்தால் ஒரு டப்பா நிறையப் பூச்சியோடு நீலகிரிக்குப் போய்விடுவார். அவரும் கர்னலும் நாள் முழுக்க ஓடையில் நிற்பார்கள். பேச்சே இருக்காது.

அவர் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி சந்தனமாரி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“மேயிலதான போயிட்டு வந்திய. அதுக்குள்ள மறுபடியும் கூப்பிட்டாராக்கும்? இந்த மழையில மீன் புடிக்கலன்னு இப்ப யாரு அழுதா?”

காலையிலிருந்து நான்கைந்து முறை அவளிடம் சொல்ல வாயெடுத்தார். ஒவ்வொரு முறையும் வார்த்தைக்குப் பதில் நூல்கண்டைத் தேடினார்.

சாரல் காற்றில் இறகெல்லாம் நமத்துப்போயிருந்தது. அடுப்பைப் பற்றவைத்து, ஒரு கழுத்து இறகை அனலில் காட்டினார். இழைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து சிலிர்த்தன.

மறுபடி உட்கார்ந்தார். வாலுக்கு மூன்று இழை. உடம்புக்கு மஞ்சள் நூல். இறக்கைக்கு வாத்து இறகில் இரண்டு துணுக்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டார். கழுத்து இறகை முள்ளைச் சுற்றி வளைத்தபோது, இழைகள் கால்களைப் போல நாலா பக்கமும் விரிந்து நின்றன. முடிச்சுப் போட்டு, அதன்மேல் நகப்பூச்சு ஒரு சொட்டு விட்டு ஊதினார்.

நாலே முக்கால்.

மேசையில் வைத்துப் பார்த்தார். தொட்டால் பறந்துவிடும் போலிருந்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒன்று அவர் கைக்கு வந்ததில்லை.

பிறகு குறடை எடுத்து, முள்ளின் வளைந்த கூர்முனையை ‘டக்’கென்று வெட்டினார்.

சந்தனமாரி பதறிப்போனாள்.

“கிறுக்கு புடிச்சிட்டா? முள்ள வெட்டிட்டா மீன் எப்படி மாட்டும்?”

“மீனுக்கு இல்லட்டி. சாபுக்கு.” அவர் நிமிரவில்லை. “நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு எடுக்காவளாம். சட்டைப்பையில மாட்டி அனுப்பணும்னு அவரு மவ சொல்லுதா.”

சந்தனமாரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெட்டிய இடத்தை மணிமுத்து தன் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தார். லேசாகத்தான் உறுத்தியது.

அரத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.