முதலாளி இல்லாத மூன்று மணி நேரம்

இன்று காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை நான் இல்லை.

என் தங்கையின் உத்தரவு. வழக்கமான நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பேசக்கூடாது, தலையாட்டக்கூடாது, கண்ஜாடையும் கூடாது. நான் இல்லாமல் கடை நடத்த ஒத்திகையாம்.

போன வருடம் கடையின் பின்கட்டில் தீப்பிடித்தது. சரக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் புகை குடித்து ஆஸ்பத்திரிவாசம். பத்தொன்பது நாள் கடை பூட்டிக் கிடந்தது.

கடையைப் பூட்டவைத்தது தீ இல்லை, நீதான் என்று தங்கை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

நாங்கள் மோட்டார் பேரிங் விற்பவர்கள். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் வாங்கின விலை எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருக்கும். எந்த எழுத்து எந்த எண் என்று அப்பா என் ஒருவன் காதில்தான் போட்டார். அது தெரியாமல் தங்கையின் கணவன், என் மச்சான், எதை நம்பி விலை சொல்வான்?

சொல்லித் தொலையேன் என்று இருவரும் கேட்டுச் சலித்துவிட்டார்கள். சொல்லிவிட்டால் அப்புறம் எனக்குக் கடையில் என்ன மரியாதை?

தங்கை மற்றதையெல்லாம் தயார் செய்துவிட்டாள். தீயணைக்கும் உருளை வந்துவிட்டது. இன்னொரு சாவி பக்கத்து மருந்துக்கடையில் இருக்கிறது. என் தலைக்குள் இருப்பது மட்டும்தான் பாக்கி. இன்னொரு தடவை பூட்டினால் திரும்பத் திறக்கும்போது ஒரு வாடிக்கையும் மிஞ்சாது என்கிறாள்.

காலையிலிருந்து வந்த மூன்று பேரும் விலை கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். கூடவே கைவிட்டுப் போன காசையும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு இருபதுக்குப் பாதிவிலை வந்தார்.

மர ஆலைக்காரர். எதைச் சொன்னாலும் பாதிக்குக் கேட்பார், அதனால் அந்தப் பெயர். நான் ஆயிரத்து இருநூறு என்பேன், அவர் அறுநூறு என்பார். கோபித்துக்கொண்டு தெருவில் இறங்குவார், நான் கூப்பிடுவேன், டீ வரும். பதினெட்டு வருடமாக இப்படித்தான்.

இன்றைக்கு அண்ணன் இல்லை என்று தங்கை விளக்கினாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல மனுஷன், எப்போது போனார் என்று விசாரித்தார். பிறகு ஆலையில் ரம்பம் நின்று கிடக்கிறது, சீக்கிரம் என்றார்.

மச்சான் பேரிங்கை எடுத்து வைத்தான். பெட்டியைத் திருப்பினான். அடியிலிருந்த எழுத்துகளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான்தான் இல்லையே.

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சொல்லிவிட்டால் ஒத்திகை வீண். சொல்லாவிட்டால் நாலாவது ஆளும் போய்விடுவார்.

பாதிவிலை அவன் கையிலிருந்து பெட்டியை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“அறுநூத்தி நாப்பதுன்னு போட்டிருக்கு பாரு தம்பி. உங்க முதலாளி மேல நூறு வைப்பாரு. எழுநூத்தி நாப்பது எடுத்துக்கோ.”

அறுநூற்று நாற்பதேதான்.

மச்சான் வாயைப் பிளந்தான். உங்கள் முதலாளி பெட்டியைத் திருப்பிப் பார்த்து விலை சொல்வதை இத்தனை வருடம் எதிரிலேயே நின்று பார்த்தவனுக்கு எந்த எழுத்து எந்த எண் என்று தெரியாமலா போகும் என்றார் பாதிவிலை. தெரிந்துமா அரைமணி நேரம் பேரம் பேசுவீர்கள் என்று தங்கை கேட்டாள்.

“பேரமெல்லாம் அவர் இருந்தாத்தாம்மா. ஆள் இல்லாத கடையில பேசினா அது திருட்டு மாதிரி.”

எழுநூற்று நாற்பதை வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலேயே படியிறங்கினார்.

அத்தனை வருடமும் நாங்கள் கடைசியில் வந்து நின்றது இப்படி வாங்கின விலைக்கு மேல் நூறில்தான். நான் இழுத்து நிறுத்தியதாக நினைத்திருந்தேன்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் நான் இல்லாமல் இருக்க இன்னும் முப்பது நிமிடம் பாக்கி இருந்தது.

தங்கை அதற்குள் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அலமாரியில் ஒட்டிவிட்டாள்:

‘விலை தெரியாவிட்டால் வாடிக்கையாளரைக் கேட்கவும்.’