மூன்றாவது பழுது

"மறுபடியும் கம்ப்யூட்டருக்கு உயிர் வரலையா சார்?" மெக்கானிக் செருப்பைக் கழற்றும்போதே கேட்டான்.

"இது மூணாவது தடவை, தம்பி. இன்னைக்கும் ஓடலைன்னா புதுசு வாங்கிடப்போறேன்," என்றார் வீட்டுக்காரர்.

அவன் அவசரமாகக் கையை ஆட்டினான். "ஐயோ, வேண்டாம் சார்! இன்னும் பத்து வருஷம் உழைக்கும்."

அவர் உள்ளே போனதும் பெட்டியின் மூடியைத் திறந்தான். அவர் மகள் டார்ச் பிடித்தாள். உள்ளே பார்த்தவனுக்கு முழி பிதுங்கியது. கம்ப்யூட்டரின் மெமரி அட்டையான ரேம் இருக்க வேண்டிய இடம் காலி!

"எங்க போச்சு? முந்தாநாள்கூட லேசாத் தளர்த்தி மட்டும்தானே விட்டுட்டுப் போனேன்..."

உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சிரிப்பை அடக்க முடியாமல் அவள் உள்ளங்கையை விரித்தாள். அதில் ரேம் இருந்தது.

"நீங்க தளர்த்தினது தானாக் கழல ஒரு வாரம் ஆகுது. அதுவரைக்கும் யாரால காத்திருக்க முடியும்?"