ஜூன் ஒன்று

கிளப் வாசலில், வயதுக்கான அட்டையைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

ஜீவிதா. அண்ணன் மகள்.

கல்லூரி ஹாஸ்டலில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பதாக அண்ணன் நம்பிக்கொண்டிருக்கிற அதே ஜீவிதா. உதட்டில் சாயம். கூட ஒரு ஆள். நாற்பதுக்குக் குறையாது. அவன் கை அவள் முழங்கையைப் பிடித்திருந்தது.

ஜீவிதாவும் பார்த்துவிட்டாள். கறுப்புச் சட்டை, கறுப்புப் பேன்ட், காதில் ஒயர். அத்தை சென்னையில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறாள் என்று தெரியும். எந்த வாசலில் என்று தெரியாது.



சற்று முன்புதான் அத்தை ஒரு பையனைத் திருப்பி அனுப்பியிருந்தாள். இருபத்தொன்றுக்கு இன்னும் ஒரு மாதம் பாக்கி. கெஞ்சினான். விதி என்றால் விதி என்றாள், ஏதோ தானே எழுதியதுபோல.

செருப்புப் போட்டு வந்தால் நிறுத்தலாம்.

ஜோடி இல்லாமல் வந்தால் நிறுத்தலாம்.

வயது ஒரு நாள் குறைந்தாலும் நிறுத்தலாம்.

தன் அப்பன் வயதுக்காரனோடு ஒரு பெண் வந்தால் நிறுத்த விதி இல்லை. அதுவும் ஜோடிதான்.

எத்தனையோ பெண்கள் இந்தக் கதவு வழியாக நடந்து உள்ளே போயிருக்கிறார்கள். திரும்பும்போது சிலரை இவள்தான் காருக்குத் தாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். யார் கார் என்று கேட்பது இவள் வேலை இல்லை.

மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"சார், இந்தப் பொண்ணுக்கு இன்னும் இருபத்தொண்ணு ஆகல."

அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"ஜூன் ஒண்ணு. போன வாரமே ஆயிடுச்சே. சார் நம்ம ரெகுலர். விடுங்க."

ஜூன் ஒன்று.

அந்தத் தேதி இவள் வாயிலிருந்து வந்தது.

செய்யாறு பக்கம் செருப்புக் கம்பெனியில் இவளுக்கு வேலை கிடைத்த வருடம். அண்ணியும் அங்கேதான் ஷிப்ட். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து முடிந்திருக்க வேண்டும். ஜீவிதாவுக்கு மூன்றரை.

தலைமையாசிரியர் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டால் ஐந்து வயது. அதுதான் ஊர்க் கணக்கு.

விரல் எட்டவில்லை.

அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, பின்னால் நின்ற அத்தை பிள்ளையின் தலையைச் சாய்த்தாள். கையை இழுத்தாள். எட்ட வைத்தாள். பிறந்த தேதி கேட்டதற்கு, பள்ளிக்கூடம் திறக்கும் தேதிதான் வாயில் வந்தது. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் பிறந்தநாள்.

வீட்டு விசேஷங்களில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஜீவிதா எழுந்து நடித்துக் காட்டுவாள்.

நான் இவளுடைய அத்தை என்று இப்போது சொல்லலாம். சொன்னால் வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கும். அண்ணன் காதுக்குப் போகும். அவன் மகளின் படிப்பை நிறுத்துவான். அந்த ஆளுக்கு என்ன, வேறொரு கிளப்பின் வாசல் கிடைக்கும். அங்கே அத்தை இருக்கமாட்டாள்.



குடிக்கலாம் என்பதற்கான சிவப்புப் பட்டையை எடுத்தாள். ஜீவிதா கையை நீட்டினாள். அதே வலது கை. மணிக்கட்டு அவ்வளவு ஒல்லி. கடைசித் துளைவரை இறுக்கவேண்டியிருந்தது.

"வீட்டுக்குப் போயிடு, பாப்பா."

அந்த ஆளுக்குக் கேட்காத குரலில்தான் சொன்னாள். அதே குரலில் பதில் வந்தது.

"தேதி நீ சொன்னதுதான, அத்த."

அதில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

கதவு திறந்தது. உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் நெஞ்சில் இடித்தது. அந்த ஆள் முன்னால் போனான்.

ஜீவிதா நின்றாள். திரும்பினாள். பட்டை கட்டிய கையைத் தலைக்கு மேலே கொண்டுபோனாள்.

விளையாட்டுக்கா, வேறு எதற்காவதா என்று தெரியவில்லை. முகத்தில் சிரிப்பு இல்லை.

அத்தையின் கைகள் தாமாகவே முன்னால் நீண்டன.

யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. விரல் காதை எட்டியிருந்தது.