மருந்து காயும் வரை

எங்கள் எருமப்பட்டி வீட்டு வாசலில் வேப்பமர நிழல். மாசியில் இறந்துபோன என் கணவர் வளர்த்த நாய் கருப்பன், சொறி பிடித்து மயிர் கொட்டிய முதுகோடு நடுங்கி நிற்கிறது. கொழுந்தன் அன்பு லாரிப் பட்டறையிலிருந்து கழிவு ஆயில் கொண்டுவருகிறான். “இதைப் பூசுங்க அண்ணி, பூச்சியெல்லாம் செத்துரும்.” “நாயும் சேந்து செத்துரும்னு டாக்டர் சொல்லிட்டாரு தம்பி.” “அப்ப ஏரிக்கரையில உட்டுரலாங்க. புள்ளைகளுக்கு ஒட்டிக்கும்.” “உங்கண்ணனுக்கு அம்மை போட்டப்ப எந்த ஏரிக்கரையில உட்டோம்?” அன்பு ஆயில் டப்பாவை மதிலோரம் வைக்கிறான். டாக்டர் கொடுத்த மருந்து கலந்த நீரைக் கருப்பன் முதுகில் மெல்ல ஊற்றுகிறேன். சிவந்த தோலில் அது பால்போல் வழிகிறது. கருப்பன் உடம்பை உதறிக்கொண்டு ஓடப் பார்க்கிறது. துடைக்கவும் கூடாது, நக்க விடவும் கூடாது. ஈரச் சேலையோடு தரையில் உட்கார்ந்து, உறை போட்ட கைகளால் அதன் மோவாயைப் பிடித்துக்கொள்கிறேன். “எவ்வளவு நேரம் இப்படியே உக்காந்திருப்பீங்க?” “காயட்டும் தம்பி.”